வலக்கண்ணின் கரும்புள்ளி

கார்த்திகைத் திருநாளன்று மாலை திருவண்ணாமலை நகரமே அண்ணாந்து நிற்கும். மலையுச்சியில் தீபம் எழுந்ததும் வீதிகளில் எழும் பேரொலியைக் கேட்டபடி நானும் பங்கு இல்லத்து மாடியில் நிற்பேன். இடக்கண்ணை மூடிக்கொண்டால் அச்சுடர் எனக்குத் தெரிவதில்லை. நேராக நோக்குமிடத்தில் ஒரு கரும்புள்ளி நிற்கிறது.

1980 பிப்ரவரி 16 அன்று சூரிய கிரகணம். எனக்கு வயது பத்து. "வெளியே போகாதேடா" என்று அம்மா கதவைச் சாத்தினார்கள். நானோ பழைய எக்ஸ்ரே படத்துண்டுடன் புறக்கடை வழியே ஓடினேன். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டதை நான் உணரவில்லை.

கதிரவன்மீதிருந்த மனத்தாங்கல் தணிந்தது கோடைக்கானலில்தான். தியானத்திற்குச் சென்றிருந்த நான், 1899இல் நிறுவப்பெற்ற சூரிய ஆய்வகத்திற்கும் போனேன். அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கதிரவனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதன் கருங்கோடுகள் இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். சூரியப் புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை அக்கோடுகளே அவருக்கு உரைத்தன.

சுடர்வெடிப்புகளையும் இவ்வாறே அறிகின்றனர். முறுக்குண்ட காந்தப்புலம் திடீரென அறுந்து இணையும்போது வாயு ஒரு கோடி பாகைக்கும் மேல் கொதிக்கிறது. தொடக்கத்தில் ஒரு விநாடிக்குள்ளேயே ஒளி ஏறி இறங்குவதுண்டு. அதனைப் பிடிக்க விநாடிக்குப் பல படங்கள் எடுக்கும் கருவிகள் வேண்டும். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப்பக்கமும், விலகும் வாயுவின் கோடு சிவப்புப்பக்கமும் நகரும். 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று இவ்வெடிப்புகளின் எக்ஸ்கதிர்களை அளக்கிறது. அது ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அம்மையார் என்பது நமக்குப் பெருமை.

காணவியலாதவரை அவர்தம் செயல்களின் வழியே அறிகிறோம் என்று குருமடத்தில் மனனம் செய்தவன் நான். கோடைக்கானலில்தான் அச்சொல் என் நெஞ்சில் இறங்கிற்று.

சென்ற வாரம் மறைக்கல்வி வகுப்புச் சிறுவன் ஒருவன், "ஃபாதர், கிரகணம் வந்தால் பார்க்கலாமா?" என்றான். 'கூடாது' என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. அன்று என்னைத் தடுக்காத சொல் இவனைத் தடுக்குமா?

அட்டையில் ஊசியால் துளையிட்டுக் கொடுத்து, வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். எதிரே பிடித்த வெள்ளைத்தாளில் பொட்டளவு கதிரவன் விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். அருகில் நானும் குனிந்தேன், இரு கண்களையும் திறந்தபடி.