பந்தயத் தடத்தில் ஒரு நாள்: எதைத் தேர்ந்தெடுப்பது?



பந்தயக் கார்களைப் பற்றி ஒரு குடும்ப மாத இதழில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த பணத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் எவற்றையெல்லாம் வாங்குகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். முன்பு டேப் ரிக்கார்டரும் கம்பளிப் போர்வையும் வந்தன. பிறகு கைப்பேசிகள் வந்தன. இப்போது பெட்டியில் வைத்துக் கட்ட முடியாத ஒன்றையும் விலை கொடுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். பந்தயத் தடத்தில் ஒரு நாள் வண்டி ஓட்டிப் பார்க்கும் அனுபவம் அவற்றுள் ஒன்று.

என் அக்காள் மகன் அபுதாபியில் ஒரு பொருட்கிடங்கில் கணக்கெழுதும் பணியில் இருக்கிறான். வயது 24. சென்ற சாரல் காலத்தில் விடுப்பில் வடகரைக்கு வந்தவன், நான்கு விளம்பரங்களை என் முன் காட்டி, "மாமா, இதில் எது நல்லதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றான். மதரஸாவில் பாடம் நடத்துபவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று எண்ண வேண்டாம். கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவன் என்ற ஒரே காரணத்தால், ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் பாஸ்போர்ட் புதுப்பித்தல் வரை எல்லாத் தாள்களும் என்னிடம் வந்து சேர்வது எங்கள் தெருவின் வழக்கம்.

அவன் போன பின் அவன் தாயார் வந்தார். "தம்பி, இவன் இங்கே ஓட்டுற ஓட்டத்துக்கே எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. காசு கொடுத்து வேற ஓட்டம் படிக்கணுமா?"

அக்காளின் அச்சம் வீண் அச்சமன்று. சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பகுதி இளைஞர்களுக்குக் கால் வீட்டில் தங்காது. குற்றாலத்துக்குச் செல்லும் சாலையும், பண்பொழிச் சாலையும், அடவிநயினார் அணையை நோக்கி மேக்கரைக்குப் போகும் சாலையும் அவர்களுக்குப் பந்தயத் தடங்கள்தாம். நள்ளிரவில் அருவியில் குளிக்கப் புறப்பட்ட பிள்ளை ஒருவனை எங்கள் தெரு விடியற்காலையில் ஜனாஸாவாகத் திரும்பப் பெற்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்தத் தாயின் வீட்டைத் தாண்டித்தான் என் அக்காள் தினமும் கடைக்குப் போகிறாள்.

ஆகவே, என் முன் இருந்தவை இரண்டு கேள்விகள். போகலாமா என்பது ஒன்று. எதற்குப் போவது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை கண்டால் முதலாவதற்கும் விடை கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. சில நாள்கள் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றால் அதில் நம் தமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்குவதற்காகச் சோழவரத்தில் போட்ட ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பிறகு ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளத்தில் தனித் தடம் அமைத்தார்கள். அது 1990இல் பயன்பாட்டுக்கு வந்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட தடம் சிறியது, 2.1 கிலோமீட்டர்தான். பந்தயக் கார்களை நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரைத்தான் அத்தடம் தாங்கி நிற்கிறது. டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் புத்தா தடம் 5.125 கிலோமீட்டர். அங்கு 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளும் உலகப் புகழ்பெற்ற ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. மருமகன் வேலை செய்யும் அபுதாபியிலோ 2009 முதல் யாஸ் மரீனா தடம் இருக்கிறது.

அவன் காட்டிய விளம்பரங்களும் இந்த நான்கு ஊர்களைச் சார்ந்தவையே. ஆனால், நான்கும் ஒரே சரக்கு அல்ல. அபுதாபி விளம்பரத்தில் பந்தய ஓட்டுநர் காரைச் செலுத்துவார், நம் பிள்ளை பக்கத்து இருக்கையில் பெல்ட்டால் கட்டுண்டு அமர்ந்திருப்பான். டெல்லி விளம்பரத்தில் விலை உயர்ந்த வெளிநாட்டுக் காரை மூன்று சுற்று அவனே ஓட்டலாம், பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார். சென்னையில் சொந்த வண்டியைக் கொண்டுபோய்த் தடத்தில் ஓட்டிக்கொள்ளலாம். கோவையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஒரு நாள் பயிற்சி; காலையில் கரும்பலகைப் பாடம், பிறகு ஓட்டம், நடுநடுவே திருத்தம்.

மருமகனின் மனம் டெல்லிக் காரின் மீதே இருந்தது. புகைப்படம் அப்படி! நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 5.125 கிலோமீட்டர் தடத்தில் மூன்று சுற்று என்றால் 15 கிலோமீட்டர் சொச்சம். சராசரியாக மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் எட்டரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ரயில் கட்டணம், தங்கும் செலவு, அனுபவக் கட்டணம் அனைத்தையும் கூட்டினால் அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. கோவைப் பயிற்சியில் அந்தச் சிறு தடத்தை ஏறத்தாழ 30 முறை சுற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். 63 கிலோமீட்டர். 75 கிலோமீட்டர் சராசரி வேகம் என்று வைத்துக்கொண்டால் 50 நிமிடம். செலவோ பாதிக்கும் குறைவு.

"மாமா, அது சின்னத் தடம்" என்றான்.

சின்னத் தடம் என்பதுதான் அதன் சிறப்பு என்று நான் சொன்னேன். பாடம் சொல்லிக் கொடுப்பவனுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வரியைச் சரியாக ஓத வேண்டுமானால் அதே வரியை அதே உஸ்தாதின் முன்னால் முப்பது முறை ஓத வேண்டும். மூன்று பக்கங்களை ஒரு முறை வேகமாகப் புரட்டியவனுக்கு எந்த எழுத்தும் நாவில் நிற்காது. நீளமான தடத்தில் மூன்று சுற்றுப் போனவன் ஒரு வளைவை மூன்று முறைதான் பார்த்திருப்பான். முதல் முறை திகைப்பு, இரண்டாம் முறை மகிழ்ச்சி, மூன்றாம் முறை "இறங்குங்கள்" என்ற குரல்!

நம் நாட்டிலிருந்து முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் காரோட்டியவர் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் என்பதும், அது 2005ஆம் ஆண்டு என்பதும் பலர் அறிந்த செய்தி. அவர் 15 வயதில், 1992இல், பிரான்ஸ் நாட்டு வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் போய்ப் பாடம் கற்றார் என்பதைச் சிலரே அறிவர். தந்தையாரும் பெயர் பெற்ற ராலி ஓட்டுநர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கே பள்ளி தேவைப்பட்டது.

பைக் ஓட்டுபவர்களுக்கென்று அமெரிக்காவில் 1980இல் கீத் கோட் என்பவர் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், சென்னைத் தடத்திலும் பல ஆண்டுகள் முகாம் நடத்தியிருக்கிறது. அவர்களின் முதற்பாடம் என்ன தெரியுமா? ஒரே கியரில், பிரேக்கைத் தொடாமல் தடத்தைச் சுற்றி வருவது! பிரேக் இல்லை என்றால் வளைவுக்கு எவ்வளவு முன்னால் ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டும் என்பதைக் கண்ணும் கையும் தாமாகவே அளக்கக் கற்றுக்கொள்கின்றன. வேகத்தை விற்பதாகச் சொல்லும் பள்ளி முதலில் கற்பிப்பது நிதானத்தை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி புகாரி நூலில் இப்னு உமர் (ரலி) வாயிலாகப் பதிவாகியிருக்கிறது. அதில் நான் எப்போதும் வியக்கும் நுணுக்கம் ஒன்றுண்டு. பயிற்சி கொடுத்துப் பக்குவப்படுத்திய குதிரைகளுக்கு ஒரு தூரம்; பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அதைவிடக் குறைந்த, வேறொரு தூரம். இரண்டையும் ஒன்றாக ஓடவிடவில்லை. டெல்லிக் காரைப் பற்றி மருமகன் மறுபடி பேச்செடுத்தபோது இதைத்தான் எடுத்துச் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

நிற்க. சென்னைக்குச் சொந்த வண்டியில் போகும் யோசனையை ஏன் விட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். செங்கோட்டையிலிருந்து பொதிகை வண்டி ஏறினால் விடிந்ததும் சென்னை. ஆனால் கார் ரயிலில் வராது. 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய், தடத்தில் டயரையும் பிரேக்கையும் தேய்த்து, அதே வண்டியில், அதே களைப்போடு மீண்டும் 600 கிலோமீட்டர் வர வேண்டும். அதைவிட முக்கியம், நம் வாகனக் காப்பீடு. பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஏற்படும் சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று பாலிசித் தாளின் சிறிய எழுத்துகளில் அச்சிட்டிருப்பதை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தேன். நன்கு ஓட்டத் தெரிந்து, வேறு வண்டியில் ஊர் திரும்ப வசதியும் உள்ளவர்களுக்கே அந்த நாள் பொருந்தும்.

பக்கத்து இருக்கையில் அமர்ந்து போகும் அபுதாபி விளம்பரத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் கடைசியில் வைத்தேன். அதில் ஆபத்து குறைவு என்று அக்காள் நினைத்தாள். தடத்தில் ஆபத்து குறைவுதான். ஊருக்கு வந்த பிறகு? கை எதையும் கற்காமல், காதில் இரைச்சலும் நெஞ்சில் கிறுகிறுப்பும் மட்டும் ஏறிய பிள்ளை அந்தக் கிறுகிறுப்பை மறுபடி எங்கே தேடுவான்? மேக்கரைச் சாலையில்தான்.

ஒரு சிறு கணக்கை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லிப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு வினாடிக்குள் 17 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்தபின், நல்ல டயரும் காய்ந்த சாலையுமாக இருந்தால், இன்னும் ஏறத்தாழ 20 மீட்டர். வேகம் 120 ஆனால் முதல் 17 என்பது 33 ஆகிறது. பின்னது 20 என்பது 40 ஆவதில்லை, 80 ஆகிறது. வேகம் இரு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. சாரலில் நனைந்த சாலைக்கு இந்தக் கணக்கும் போதாது. தடத்தில் வளைவுக்கு வெளியே மணலும் சரளையும் பரப்பி, டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கொடி காட்டி எச்சரிக்கவும், சிவப்புக் கொடி காட்டி நிறுத்தவும் ஆள்கள் நிற்கிறார்கள். எதிரே வண்டி வராது. பண்பொழிச் சாலையில் வளைவுக்கு வெளியே தென்னை மரம் நிற்கிறது. எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் விளக்கில்லாமல் வருகிறது.

கோவைக்கே போவது என்று முடிவாயிற்று. போகுமுன் பயிற்சிக்காரர்களிடம் கேட்கும்படி சிலவற்றை எழுதிக் கொடுத்தேன். ஓட்டம் எத்தனை நிமிடம்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? ஆம்புலன்ஸ் தடத்திலேயே நிற்குமா? காருக்குச் சேதமானால் யார் பொறுப்பு, எவ்வளவு வரை? மழை பெய்தால் நாள் மாற்றித் தருவார்களா, பணத்தைத் திருப்புவார்களா? ஹெல்மெட் அவர்கள் தருவதா? கடைசிக் கேள்வியை அக்காள் சேர்த்தாள்: சாப்பாடு உண்டா?

போய் வந்தவன் மேல் உடலெங்கும் வலி என்றான். அந்தக் காரில் பவர் ஸ்டியரிங் கிடையாதாம். பயிற்றுநர் அவனிடம் பலமுறை சொன்ன திருத்தம் ஒன்றே: வளைவுக்குள் பிரேக் பிடிக்காதே, நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிடு, பிறகு திரும்பு. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றும் அவனுடைய பழைய பழக்கத்தை அங்கே முதல் சுற்றிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் புனலூரில் ஒரு திருமணம். அவனே எங்களைக் காரில் அழைத்துப் போனான். புளியரை எஸ் வளைவு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கேரளத்துக்குப் போகும் லாரிகள் திணறும் இடம். வளைவுக்கு வெகு முன்னரே வண்டி தணிந்தது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. பின்னிருக்கையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அக்காளைத் திரும்பிப் பார்த்தேன். ஆரியங்காவுக்கு முன்பே தூங்கிப்போயிருந்தாள்.

ஒரே நாளில் பிள்ளையின் குணம் மாறிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பவில்லை. நண்பர்களோடு இரவில் ஐந்தருவிக்குப் போவதை அவன் விடவில்லை. காரின் சாவி மட்டும் இப்போது அவன் கையில்தான் இருக்கிறது, மற்றவர்களிடம் கொடுப்பதில்லை என்று அவன் கூட்டாளி ஒருவன் சொன்னான்.

விடுப்பு முடிந்து திரும்பியவன் சென்ற மாதம் பேசினான். யாஸ் மரீனா தடத்தைப் பொதுமக்கள் நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் சில மாலைகளில் கட்டணமின்றித் திறந்துவிடுகிறார்கள். அறைத் தோழர்களோடு அவனும் போய், 5.281 கிலோமீட்டர் தடத்தை முழுவதுமாக ஒரு சுற்று நடந்திருக்கிறான். ஒவ்வொரு வளைவிலும் நின்று, எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று தோழர்களுக்கு விளக்கினானாம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்றாம்.