பத்மினியில் மாருதி சீட்

சென்னை எழும்பூரை அடுத்து, கூவம் கரையோரம் இருக்கும் புதுப்பேட்டையில் கழற்றிய கார் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே வாங்கிய இரண்டு மாருதி 800 முன் சீட்டுகளை ஒரு பிரீமியர் பத்மினியில் பொருத்துவதைப் பார்க்க ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன்.

ஃபியட் 1100 டிலைட்டாக 1964இல் வந்து, பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி. 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், முன்னால் ஒரே நீள சீட். அதில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். ஆனால் வளைவில் உடம்பு வழுக்கும். தலையைத் தாங்க எதுவும் கிடையாது. தனிச் சீட் கேட்டு வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

"சீட்டு ஒரு வேலையே இல்ல சார். தரைதான் வேலை" என்றார் மேஸ்திரி.

பத்மினிக்குத் தனிச் சேஸி கிடையாது. தரைத் தகடும் பாடியும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. தரைவிரிப்பை உரித்துவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மங்கிய இடங்களில் சாக்பீஸ் குறி. துருவேறிய அந்தப் பகுதிகளை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கவே பாதி நாளுக்குமேல் ஆயிற்று. பேட்டரி வயரைக் கழற்றி, பக்கத்தில் ஈரச் சாக்கு போட்ட பிறகுதான் வெல்டிங்கைத் தொட்டார்.

அடுத்த சிக்கல் நடுமேடு. பத்மினியில் பின்சக்கரத்துக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்காகத் தரை நடுவே புடைத்திருக்கும். மாருதி 800 முன்சக்கரம் இழுக்கும் வண்டி. அதன் சீட்டுக் கால்கள் இங்கே அப்படியே பொருந்தாது. அதனால் இரும்பு ஆங்கிளில் தனிச் சட்டம் அடித்து, அதன்மேல் ஸ்லைடரை ஏற்றினார். அளவெடுக்க, வண்டி ஓட்டப்போகிறவரையே உட்காரவைத்தார். ஸ்டியரிங்கின் நடுவும் சீட்டின் நடுவும் ஒரே நேரில் வரவேண்டும். தொடை இடிக்கக் கூடாது, தலை கூரையைத் தொடக் கூடாது. "இன்னும் ரெண்டு நூல் இறக்கு" என்று குரல் கொடுத்தபடியே இருந்தார்.

துளை போடுமுன் உதவியாள் தம்பி வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடிப்பக்கம் உள்ளங்கையகலத் தகடு, ஒரு நூல் கனம். வெறும் வாஷர் போட்டால், மோதும்போது மெல்லிய தரையைப் பிய்த்துக்கொண்டு போல்ட் வந்துவிடும். பெல்ட்டின் கொக்கி சீட்டோடு சேர்ந்திருக்கும் மாடல்களில் உட்கார்ந்தவரின் பாரமும் அதே போல்ட்டுகளில்தான் விழும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளை மட்டுமே மேஸ்திரி பொறுக்கியெடுத்தார்.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள புது கார் சீட்டுகளை அவர் வாங்குவதேயில்லை. அது சரியான முடிவு.

ரெக்ஸினுக்குக் கேட்ட பணத்தைக் கொடுப்பவர்கள் தகட்டுக்கும் சட்டத்துக்கும் பேரம் பேசுகிறார்கள் என்றார். கேட்க வருத்தமாக இருந்தது. கண் எரிய, முதுகு வலிக்கப் பட்டறைக்காரர்கள் செய்யும் வேலையின் பெரும்பகுதி வண்டிக்கு அடியில்தான் இருக்கிறது.

பழைய வண்டிக்கு வேறு சீட் போடுகிறவர்கள் அந்தத் தகட்டுக்கான கூலியைக் குறைக்காதீர்கள். வண்டியை எடுக்குமுன் குனிந்து அடியில் ஒருமுறை பாருங்கள். கழற்றிய நீள சீட்டைக் காயலான் கடைக்குப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.