உறையும் முன்பு ஏழு நாள்

மாட்டுக் கருவை உறையவைக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் புனே பக்கம் வா என்று கால்நடை மருத்துவரான நண்பர் கூப்பிட்டார். கிர் பசுக்களின் சினைப்பையிலிருந்து ஊசியால் கருமுட்டைகளை உறிஞ்சி, தட்டில் விந்தணுவோடு சேர்த்து, ஏழு நாள் வளர்த்தெடுக்கும் ஆய்வகம் அது. கூடங்களை எல்லாம் வேகமாகக் கடந்து உள்ளறைக்குப் போனேன். அங்கே நுண்ணோக்கி முன்னால் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் ‘தாயீ’, அதாவது அக்கா.

எழுந்து எனக்கு இடம் விட்டார். மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இரண்டு உருண்டைகள். ஒன்று புகை படிந்தாற்போல் கறுத்திருந்தது. மற்றதில் உள்ளே இருந்த செல்கள்வரை தெரிந்தன.

“கறுத்தது சீரம் குடிச்சு வளர்ந்தது. உறையவச்சா தாங்காது. எல்லாரும் உறையவைக்கிற மெஷினைத்தான் குறை சொல்றாங்க. தப்பு இந்தத் தட்டுலேயே நடந்துடுது” என்றார். நண்பர் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கன்றின் சீரம் கலந்த திரவத்தில் கரு மளமளவென்று வளரும். கூடவே செல்லுக்குள் கொழுப்புத் துளிகளும் சேரும். குளிரில் அந்தக் கொழுப்பே எமனாகிறது. செல்சவ்வு விறைத்துச் சிதைகிறது. பசுவின் வயிற்றிலேயே வளர்ந்த கருவுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதனால் இப்போது சீரத்தைக் குறைத்து, அல்புமினோடு இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் சேர்க்கிறார்கள். எல்-கார்னிடின் சேர்த்தால் அது கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோய் எரிக்க உதவுகிறது. கடைசி இரண்டு நாளில் ஃபோர்ஸ்கோலின் விட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. சேர்ந்த கொழுப்பை அது கரைக்கிறது.

ஃபோர்ஸ்கோலின் என்றதும் நிமிர்ந்தேன். அது மருந்துக்கூர்க்கன் வேரில் இருக்கும் சத்து. சேலம், ஆத்தூர் பக்கம் அந்தக் கிழங்கை வயல் வயலாகப் பயிரிடுவதைப் பார்த்திருக்கிறேன். நடும்போது ஒரு விலை பேசுவார்கள். தோண்டிக் காயவைத்த பிறகு ஈரம், மண், சிறுத்தது என்று கழிப்பார்கள். விவசாயி மூட்டையாகப் போடுகிற கிழங்கின் சத்து, கை மாறிக் கை மாறி மில்லிகிராம் விலையில் குப்பியில் அடைபட்டு ஆய்வகத்துக்கு வருகிறது. விளைவித்தவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நிற்கிறவர்கள் மண்ணையும் தொட்டதில்லை, கருவையும் கண்டதில்லை. பலனில் பெரும்பங்கு அவர்களுக்குப் போவது அநியாயம். அதை அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

தாயீ உறையவைக்கும் வேலைக்கு உட்கார்ந்தார். எத்திலீன் கிளைக்காலில் நனைந்த கருவைக் கால் மில்லி ஸ்ட்ராவுக்குள் உறிஞ்சி அடைத்தார். மைனஸ் 6 டிகிரியில், திரவ நைட்ரஜனில் முக்கிய இடுக்கியால் ஸ்ட்ராவைத் தொட்டார். கருவுக்கு நேராக அல்ல, சற்றுத் தள்ளி. வெள்ளையாய் ஒரு பனிப்பொட்டு கிளம்பி மெல்லப் பரவியது. இப்படிப் பனியை வரவழைக்காவிட்டால் திரவம் உறையாமல் குளிர்ந்துகொண்டே போய்த் திடீரென்று உறையும். செல்லுக்குள்ளும் பனி பாய்ந்துவிடும். பிறகு நிமிடத்துக்கு அரை டிகிரியாக மைனஸ் 32 வரை இறக்கி, மைனஸ் 196-இல் நைட்ரஜனுக்குள் போடுகிறார்கள்.

சாத்தாரா மாவட்டத்து வறட்சியில் வீட்டுக் கில்லாரி மாடுகளை விற்றபோது தாயீயின் படிப்பும் நின்றது. கண்ணாடிக் கலம் கழுவத்தான் இங்கே சேர்ந்தார். துளி சோப்பு மிஞ்சினாலும் கரு செத்துவிடும் என்ற பயத்தில் தட்டுகளை நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினாராம். அப்படித்தான் கண் பழகியது. எந்தக் கரு குளிரைத் தாங்கும் என்று மூத்த விஞ்ஞானிகளே அவரிடம் கேட்கிறார்கள். வேலை இன்னும் வருட ஒப்பந்தம்தான். அவர் பெயருக்கு நிரந்தர ஆணை போடாமல் எத்தனை இன்குபேட்டர் வாங்கி என்ன பயன்?

இவ்வளவு பாடுபட்டு உறையவைப்பது எதற்கு? உறையவைக்காத கருவை அன்றே பசுவுக்குள் வைத்தாக வேண்டும். சினைப்பருவம் கண்டு ஏழாம் நாளில் இருக்கும் வாடகைப் பசுக்கள் ஆய்வகத்தின் பக்கத்திலேயே தயாராக நிற்க வேண்டும். பெரிய பண்ணைகளால்தான் அது முடியும். உறைந்த ஸ்ட்ரா நைட்ரஜன் கலத்தில் எந்த ஊருக்கும் போகும். பயிற்சி பெற்ற மருத்துவர் அதை வெதுவெதுப்பான நீரில் உருக்கி, நுண்ணோக்கி இல்லாமலே மாட்டுக்கு வைத்துவிடலாம். இரண்டு மாடு வைத்திருப்பவரின் கொட்டகைக்கு நல்ல கிர் கன்று வர அது ஒரு வழி.