செக் திரும்பினால்: நியூ ஜெர்சி எடிசன் நாட்குறிப்பு

அக்டோபர் 8, 2025, புதன்

கேட்டரிங் அக்காவுக்கு வந்த 640 டாலர் செக் திரும்பிவிட்டது. சரஸ்வதி பூஜையன்று ஒரு வீட்டுக் கொலுவுக்கு நாற்பது பேருக்குச் சமைத்துக் கொடுத்ததற்கான பணம். மறுநாளே செக்கை வங்கியில் போட்டிருக்கிறார். ஒன்றிரண்டு நாளில் கணக்கில் தொகை ஏறியதாக ஆப் காட்டியது. அதை நம்பி மளிகைக் கடைக்கும், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் கிச்சனுக்கும் கட்டிவிட்டார். இன்று வங்கி 640 டாலரையும் திரும்ப எடுத்துக்கொண்டு, தன் கட்டணத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

“பணம் வந்துடுச்சுன்னு காட்டுச்சேம்மா, அப்புறம் எப்படித் திரும்பும்?” என்று கேட்டார். நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்னத் தொழில்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விதான் இது. 1987இல் இயற்றப்பட்ட ஓர் அமெரிக்கச் சட்டப்படி, போட்ட செக்கின் பணத்தை வங்கிகள் குறிப்பிட்ட நாட்களுக்குள் வாடிக்கையாளர் எடுக்க விட வேண்டும். பொதுவாக அதில் முதல் 275 டாலர் அடுத்த வேலை நாளிலேயே கிடைக்க வேண்டும். கடந்த ஜூலை வரை அது 225 டாலராக இருந்தது. ஆனால் எடுக்கக் கிடைக்கும் பணம் வேறு, செக் எழுதியவரின் வங்கி உண்மையில் கொடுத்துத் தீர்த்த பணம் வேறு. முன்னது நம் வங்கி நமக்கு முன்கூட்டித் தரும் வசதி. அந்த வங்கி மறுத்தால் நம் வங்கி நம்மிடமிருந்தே வசூலித்துக்கொள்ளும்.

அக்காவின் இழப்பு 640 டாலரோடு நிற்கவில்லை. அரிசி, பருப்பு, கிச்சன் வாடகை, உதவிக்கு வந்த பெண்ணின் கூலி எல்லாம் கைக்காசு. கடையில் விற்ற ஃப்ரிட்ஜுக்குப் பணம் வராவிட்டால் அதைத் திரும்பக் கேட்கவாவது வழியுண்டு. சாப்பிட்ட சாப்பாட்டையும், சொல்லிக்கொடுத்த பாட்டையும், சரிசெய்த ஏசியையும் யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? சேவைத் தொழில் செய்பவர் பணத்தைக் கேட்டு வாங்கும் முறையைக் கற்றே ஆக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அக்டோபர் 9, வியாழன்

செக் ஏன் திரும்பியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வங்கி அனுப்பும் செக் நகலில் காரணம் அச்சாகியிருக்கும். அக்காவின் செக்கில் ‘என்.எஸ்.எஃப்.’ என்றிருந்தது, அதாவது கணக்கில் போதிய பணம் இல்லை. பெரும்பாலும் இது சம்பளத் தேதிக்கும் செக் தேதிக்கும் இடையே விழுந்த இடைவெளிதான். ‘அக்கவுண்ட் மூடப்பட்டது’ என்றிருந்தால் விஷயம் கனமானது. ‘பணம் தராதே என்று நிறுத்தப்பட்டது’ என்றிருந்தால், அவருக்கு நம் வேலையின் மேல் குறை ஏதும் இருக்கிறதா என்று முதலில் கேட்டறிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாம் எடுக்கும் அடுத்த அடி வேறு.

பணம் இல்லாமல் திரும்பிய செக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். ஆனால் எழுதியவரிடம் பேசாமல் போட்டால், திரும்பவும் மறுக்கப்பட்டு இரண்டு பக்கமும் கட்டணம் விழும். அதனால் இன்று மாலை அக்காவை அந்த வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னேன். என்ன சொல்வது என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்: “கொலு சாப்பாட்டுக்குக் கொடுத்த செக் பேங்க்ல திரும்பிடுச்சுங்க. 640 டாலர். இந்த வெள்ளிக்குள்ள ஜெல் பண்ண முடியுமா, இல்ல மணி ஆர்டரா தர்றீங்களா?” ஜெல் என்றால் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேரே பணம் அனுப்பும் வசதி. தொகை, தேதி, கொடுக்கும் வழி மூன்றும் அதற்குள் இருந்துவிட்டால் போதும். ‘எப்போ முடியுமோ அப்போ’ என்ற சொல் மட்டும் வரவே கூடாது.

போனை யாரும் எடுக்கவில்லை. அதையே குறுஞ்செய்தியாக அனுப்பினோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போன இடத்தில் பாட்டு டீச்சரைப் பார்த்தேன். அவரிடமும் திரும்பிய செக் ஒன்று கிடக்கிறது, ஒரு குழந்தையின் இரண்டு மாத ஃபீஸ். “கேட்டா, பிள்ளைய நிறுத்திடுவாங்க. கோயில்ல பார்த்தா முகத்தத் திருப்பிக்குவாங்க. போகட்டும் விடு” என்றார்.

எடிசனில் நம்மவர் தொழிலின் பலமும் சிக்கலும் இதுதான். வாடிக்கையாளர் கோயிலில் பார்ப்பவர், தமிழ்ப் பள்ளியில் பக்கத்து வரிசையில் உட்காருபவர். விளம்பரம் இல்லாமலே வாய்வழியாக வேலை வரும். அதே நெருக்கம்தான் பணம் கேட்கும் நேரத்தில் நாக்கைக் கட்டிப்போடுகிறது. உழைத்தவர் கூச்சப்பட்டுக்கொண்டிருக்க, நாட்கள் ஓடிவிடுகின்றன. நாள் ஓடுவதால் நஷ்டம் வாங்க வேண்டியவருக்குத்தான். செக் கொடுத்த நாளிலிருந்து நாள் கணக்கு வைத்துத்தான் சட்டம் பேசுகிறது.

கூச்சத்துக்கு நேர் எதிராக இன்னொன்றும் நடக்கிறது. ஊரிலிருந்து வந்த சிலர் எடுத்த எடுப்பிலேயே “போலீஸ்ல சொல்லிடுவேன்” என்கிறார்கள். அதுவும் அங்கிருந்து வந்த பழக்கம். இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவைச் சேர்த்து, 1989 ஏப்ரல் முதல் செக் திரும்புவதைக் குற்றமாக்கினார்கள். செக் திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், கிடைத்த 15 நாளுக்குள் பணம், தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம். நியூ ஜெர்சியில் பாதை வேறு. இங்கே பணத்தை வாங்கித்தர சிவில் வழி தனியாக இருக்கிறது. பணம் வாங்குவதற்காகப் போலீஸ் பெயரைச் சொல்லி மிரட்டினால், நியாயம் நம் பக்கம் இருந்தும் சிக்கலில் மாட்டுவது நாமாக இருக்கலாம். சட்டம் தந்திருக்கும் நாட்களைச் சொல்லி எழுத்தில் கேட்டாலே போதுமான கனம் இருக்கிறது. டீச்சரிடம் இதைச் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார்.

அக்டோபர் 15, புதன்

ஒரு வாரமாகப் பதில் இல்லை. அக்காவுக்காகக் கடிதம் தயாரித்து, தபால் ஆபீஸில் ‘சர்ட்டிஃபைட்’ தபாலாக, பெற்றுக்கொண்ட கையெழுத்து நமக்குத் திரும்பி வரும் அட்டையோடு அனுப்பினோம்.

நியூ ஜெர்சியின் சிவில் சட்டம் சொல்வது இது. திரும்பிய செக்குக்கு எழுத்தில் பணம் கேட்க வேண்டும். அதை சர்ட்டிஃபைட் தபாலில் அனுப்ப வேண்டும் அல்லது நேரில் சேர்க்க வேண்டும். வழக்குப் போடுவதற்குக் குறைந்தது 35 நாள் முன்பே இது நடந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் தராதவர்மேல் வழக்குப் போட்டால், செக் தொகை, கோர்ட் செலவு, வக்கீல் கட்டணம், கடிதம் அனுப்பிய செலவு ஆகியவற்றோடு தனி இழப்பீடும் கேட்கலாம். அது 100 டாலர் அல்லது செக் தொகையின் மும்மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. ஆனால் செக் தொகைக்கு மேல் 500 டாலரைத் தாண்டக் கூடாது. அக்காவின் செக்குக்கு மும்மடங்கு 1,920 டாலர். உச்சவரம்பால் அது 1,140 டாலரில் நிற்கும். அந்தக் கடிதம் போகாவிட்டால் இந்த இழப்பீடு இல்லை. ஒரு தபால் செலவில் இவ்வளவு உரிமை அடங்கியிருக்கிறது.

குற்றவியல் சட்டத்திலும் ஒரு நாள் கணக்கு உண்டு. எழுதிய 46 நாளுக்குள் வங்கிக்குப் போன செக், பணமில்லாமல் மறுக்கப்பட்டு, அந்தத் தகவல் தெரிவித்த 10 நாளுக்குள்ளும் எழுதியவர் தரவில்லையென்றால், பணம் இல்லை என்று தெரிந்தே கொடுத்தார் எனச் சட்டம் அனுமானிக்கும். கணக்கே இல்லாத வங்கியின் செக்கைக் கொடுத்தவருக்கும் அதே அனுமானம். பின்தேதியிட்ட செக்குக்கு மட்டும் அது கிடையாது. ‘அடுத்த மாசம் போட்டுக்கோங்க’ என்று தரும் செக்கை நான் வாங்க வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம்.

கடிதத்தில் செக் எண், தேதி, தொகை, திரும்பிய காரணம், எந்த வேலைக்கான பணம், எந்த நாளுக்குள், எந்த வழியில் என்பவை மட்டுமே இருந்தன. கோபம் ஒரு வரியிலும் இல்லை. ஒருநாள் நீதிபதி படிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் இத்தகைய கடிதத்தை எழுத வேண்டும்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்த மறுநாள் அந்த வீட்டம்மா அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். கணவருக்குச் செப்டம்பர் கடைசியில் வேலை போய்விட்டதாம். எச்-1பி விசா. அடுத்த வேலை தேட அறுபது நாள் வரைதான் அவகாசம். சம்பளம் நின்றதும் தானியங்கியாகப் போகும் வீட்டு வாடகை, கார் தவணை எல்லாம் முந்திக்கொண்டு, செக் திரும்பிவிட்டது. போனை எடுக்க முகமில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அக்கா கலங்கிவிட்டார். “விட்டுடலாமா?” என்றார். எனக்கும் மனம் கனத்தது. ஆனால் விட்டுவிடுவது ஒன்றுதான் கருணை என்று நான் நினைக்கவில்லை. அவர்களும் இனாமாகக் கேட்கவில்லை, அவகாசம்தான் கேட்டார்கள். நான்கு தவணை, ஒவ்வொன்றும் 160 டாலர், தேதிகளோடு மின்னஞ்சலில் எழுதி இரு பக்கமும் ஒப்புக்கொண்டோம். இன்னொரு செக் வேண்டாம், ஜெல் மட்டும் என்றோம். முதல் தவணை இன்றே வந்தது. வங்கி பிடித்த கட்டணத்தைக் கேட்க அக்காவுக்கு மனமில்லை. அது அவர் முடிவு, நல்ல முடிவு.

கடிதம் போயிருக்காவிட்டால் இந்தப் பேச்சே நடந்திருக்காது. அடுத்த விசேஷத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தவிர்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

தவணை வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பாக்கியைப் பற்றித் தகராறு இருக்கும்போது, குறைந்த தொகைக்குச் செக் எழுதி அதில் ‘முழுக் கணக்கும் தீர்ந்தது’ என்று குறித்துத் தந்தால், அதை வங்கியில் போடுவதே மீதியை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடலாம். செக்கின் குறிப்பு வரியைப் படிக்காமல் போடக் கூடாது.

நவம்பர் 2, ஞாயிறு

அக்கா, டீச்சர், ஏசி ரிப்பேர் அண்ணன் மூவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவருக்கும் பொதுவாக ஒரு விதித்தாள் எழுதினோம்.

நாள் குறிக்கும்போதே பாதிப் பணம் முன்பணம். மீதி, சாப்பாடு இறங்குவதற்கு முன் அல்லது வேலை முடிந்த கையோடு. டீச்சருக்கு மாதத் தொடக்கத்திலேயே ஃபீஸ். செக் திரும்பினால் எவ்வளவு கட்டணம் என்பது எஸ்டிமேட்டிலேயே எழுதப்பட்டு, வாடிக்கையாளர் கையெழுத்திட வேண்டும். செக் வாங்கினால் எண்ணில் எழுதியதும் எழுத்தில் எழுதியதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வேறுபட்டால் எழுத்தில் இருப்பதுதான் செல்லும். அன்றே போனில் படம் பிடித்து டெபாசிட் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட செக்கைக் கொடுத்துத் தீர்க்க வங்கிக்குக் கட்டாயமில்லை.

கார்டு வாங்கினால் செலவாகுமே என்றார் அண்ணன். ஆகும். நியூ ஜெர்சியில் 2023இல் வந்த சட்டப்படி, முன்கூட்டியே தெரிவித்துவிட்டு அந்தச் செலவை வாடிக்கையாளரிடம் வாங்கலாம். நமக்கு ஆகும் உண்மையான செலவைவிட ஒரு காசும் கூடுதலாக வாங்கக் கூடாது.

டீச்சருக்குத் தனியாக ஒன்று சொன்னேன். முன்பின் தெரியாதவர் மின்னஞ்சலில் வகுப்புக் கேட்டு, ஃபீஸைவிடப் பெரிய தொகைக்கு வங்கியே எழுதித்தரும் கேஷியர் செக் அனுப்பி, ‘மீதியை என் டிரைவருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்றால் அது மோசடி. செக் போலி என்று தெரிய வாரங்கள் ஆகலாம். அதற்குள் நாம் அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்திருக்கும். கணக்கில் ஏறிய தொகையைத் தீர்ந்த பணம் என்று நம்ப வைப்பதில்தான் இந்த ஏமாற்று நடக்கிறது.

வருமான வரி பற்றியும் கேட்டார்கள். பணம் கைக்கு வந்தபோதுதான் வருமானமாக எழுதும் சின்னத் தொழில்காரர், வராத பணத்தை வாராக்கடன் என்று கழிக்க முடியாது. அது வருமானத்தில் சேரவே இல்லையே. மளிகைச் செலவைக் கழிக்கலாம், உழைப்பைக் கழிக்க முடியாது. முன்பணம் வாங்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

நவம்பர் 20, வியாழன்

அண்ணனோடு ரயிலில் நியூ பிரன்ஸ்விக் போனேன். எடிசனிலிருந்து அடுத்த நிறுத்தம். மிடில்செக்ஸ் மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. அண்ணனிடம் இருப்பது 1,150 டாலர் செக், ‘அக்கவுண்ட் மூடப்பட்டது’ என்று கோடையில் திரும்பியது. ஆகஸ்டிலேயே சர்ட்டிஃபைட் கடிதம் போய், கையெழுத்திட்ட அட்டையும் வந்துவிட்டது. பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

5,000 டாலர் வரையிலான வழக்குகளை இங்கே சிறு வழக்குப் பிரிவில் போடலாம். 2022 ஜூலைக்கு முன் அந்த வரம்பு 3,000. வக்கீல் கட்டாயமில்லை. பிரதிவாதி வசிக்கும் மாவட்டத்தில் போட வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு வர முடியாதவர்கள் இணையத்திலும் தாக்கல் செய்யலாம். எஸ்டிமேட், வேலை முடிந்ததற்கான கையெழுத்து, செக்கின் இரு பக்க நகல், கடிதம், அட்டை என்று தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தோம். அண்ணன் கதை சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை, தாள்களே சொல்லிவிட்டன.

தீர்ப்பு கிடைத்தாலும் பணம் தானாக வராது என்பதை அவரிடம் சொல்லி வைத்தேன். எதிராளியின் வங்கிக் கணக்கிலிருந்தோ சம்பளத்திலிருந்தோ வசூலிக்க, கோர்ட் அலுவலர் வழியாகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அவர் எங்கே கணக்கு வைத்திருக்கிறார், எங்கே வேலை செய்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். அண்ணனிடம் இருக்கும் செக்கில் மூடிய கணக்குத்தான் இருக்கிறது. ஆனால் அதே வாடிக்கையாளர் போன வருடம் கொடுத்து நல்லபடியாகத் தீர்ந்த ஒரு செக் வேறு வங்கியுடையது. அதன் நகல் என் கோப்பில் இருக்கிறது. எந்தச் செக்கையும் நகல் எடுக்காமல் போடாதீர்கள் என்று எல்லாரிடமும் நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

திரும்பும் வழியில் கேட்டரிங் அக்காவிடமிருந்து செய்தி. இரண்டாம் தவணை சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. மார்கழிக்கு வேறொரு வீட்டில் ஆர்டர் கேட்டிருக்கிறார்கள். நாள் குறிக்கும்போதே பாதிப் பணம் வேண்டுமென்று சொன்னாராம். “சரிங்க, எந்த நம்பருக்கு அனுப்பணும்?” என்று மட்டும்தான் கேட்டார்களாம். நாம் அஞ்சும் அளவுக்கு மனிதர்கள் கோபித்துக்கொள்வதில்லை. முறையாகக் கேட்பவரை மதிக்கவே செய்கிறார்கள். பாட்டு டீச்சரின் கடிதத்தை நாளைக் காலை எழுதப் போகிறேன். அவரே போன் செய்து கேட்டார்.