பாத்திக்குப் பின் பாத்தி

பரந்தனைக் கடந்து வடக்கே செல்வோருக்கு ஆனையிறவு என்றதும் உப்பே நினைவுக்கு வரும். போரினால் 1990இல் நின்றுபோன உப்பளத்தில், 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலை மீண்டும் திறக்கப்பட்டபோது மகிழாதார் இலர். அப்பாத்திகளைக் காணுந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. கடனீரேரியின் நீர் பாத்திக்குப் பாத்தி மெல்ல நகர்கிறது; வெயிலும் காற்றும் கூலி கேளாமல் உழைக்கின்றன; நீர் போய் உப்பு நிற்கிறது. இவ்வாறே அழுக்குப் போய் நீர் நிற்கச் செய்ய இயலாதா?

இயலும். ஜேர்மனியில் கேத்தே சைடல் என்னும் அம்மையார் 1950களிலேயே கோரை இனச் செடிகளைக் கொண்டு கழிவுநீரைத் துப்புரவாக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார். இன்று பொருள்வளம் குறைந்த நாடுகள் பலவற்றிலும் இம்முறை பரவியுள்ளது.

ஏற்பாடு சிக்கலானதன்று. வீட்டுக் கழிவுநீர் முதலில் மூடிய தொட்டியொன்றில் தங்கி, வண்டலைக் கீழே விட்டு வெளிவரவேண்டும். அடுத்து, ஏறத்தாழ 60 சதமமீற்றர் ஆழத்தில் ஒரு பாத்தி. நீர் நிலத்தில் இறங்காதவாறு அடியிலே களிமண்ணோ பிளாத்திக்கு விரிப்போ இட்டு, சரளைக்கல் நிரப்பிச் செடி நடுவார்கள். நீர் கற்களுக்கிடையே மறைந்தோடுவதால் நுளம்பு பெருகாது. துப்புரவுப் பணியிற் பெரும்பங்கு செடியினுடையதன்று. கல்லிலும் வேரிலும் பற்றி வாழும் பற்றீரியாக்களுடையது. வெப்பநாட்டில் அவை ஆண்டு முழுவதும் சுறுசுறுப்பாக இருப்பதால், ஓராளுக்கு ஒன்றிரண்டு சதுரமீற்றர் நிலம் போதும்.

இது நமக்கு ஏன் வேண்டும்? ஆனையிறவுக்கு வடக்கே வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்கி உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரையே கிணற்றில் அள்ளுகிறோம். அதே வளவில், சிறிது தொலைவில், மலக்குழி! வயலுக்கிட்ட உரமும் இக்குழிகளும் சேர்ந்து, பல கிணறுகளில் நைத்திரேற்றை உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைக்கு, அதாவது இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு, மேலே உயர்த்திவிட்டன. அந்நீரிற் பால்மா கரைத்தூட்டினால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொடுப்பதா என்று கிளிநொச்சி விவசாயிகள் கலங்கியதையும், பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டதையும் யாவரும் அறிவர். அத்தனை செலவில் வரும் நீரும் ஒருமுறை பயன்பட்டபின் அதே குழிக்குள்தான் இறங்குகிறது.

நைத்திரேற்றை நீக்க ஒரு பாத்தி போதாதென்பதையும் சொல்லவேண்டும். மேலிருந்து விட்டுவிட்டு நீர் இறங்கும் காற்றோட்டமான முதற்பாத்தியில் அமோனியா நைத்திரேற்றாகும். நீர் நிறைந்த இரண்டாம் பாத்தியில், ஒட்சிசன் இல்லாத நிலையில், அது நைதரசன் வாயுவாகிப் பறந்துவிடும். உப்பளத்தைப் போலவே பாத்திக்குப் பின் பாத்தி! வெளிவரும் நீர் குடிப்பதற்கன்று. வாழைக்கும் தென்னைக்கும் ஆகும். தொட்டியின் வண்டலைக் காலந்தோறும் அகற்றாவிடின் கற்கள் அடைபட்டுப்போகும். மாரிவெள்ளம் உட்புகாதவாறு வரம்பை உயர்த்துதலும் வேண்டும்.

எச்செடியை நடுவது? கல்வாழை கண்ணுக்கு அழகு. ஆயினும் என் தெரிவு சம்புப்புல்லே. நீர்தேங்கும் வாய்க்கால்களில் அது காசின்றிக் கிடைக்கும்; ஆனையிறவின் உவரையும் ஓரளவு தாங்கும்.