வரவேற்பில்லா வீரர்

சூலைத் திங்கள் 26ஆம் நாள் நெருங்கிவிட்டால் போதும், பள்ளிக்கூடங்களுக்குப் படைவீரர்மீது பாசம் பொங்கிவிடுகிறது! கார்கில் வெற்றி நாள் அல்லவா? கொடி, கோலம், ஒலிபெருக்கி. மேடையில் ஒரு முதியவர், அவர் தோளில் ஒரு பொன்னாடை. நாம் பணியாற்றும் பள்ளியிலும் அதே ஏற்பாடுதான். "போர்முனை கண்ட ஒருவரை எப்படியாவது அழைத்து வாருங்கள்" என்னும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. ஆசிரியர்களில் இளையவர் தலைதானே அகப்படும்!

குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொளச்சலில் 1741இல் டச்சுப் படையை வென்றதற்குத் தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் மெட்ராஸ் படைப்பிரிவினர் வந்து அங்கு மலர்வளையம் வைக்கின்றனர். அப்போரில் தோற்று, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாயின் கல்லறையும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. மாண்டோருக்குக் குறை வைக்காத மண்! உயிரோடிருப்போர்தாம் நம் கண்ணில் படுவதில்லை.

நம் கண்ணிலும் படவில்லை. வடசேரிப் பேருந்து நிலையத்தருகே ஓர் ஏ.டி.எம். வாயிலில், நீலச் சட்டையும் நரைத்த மீசையுமாய் அமர்ந்திருக்கும் காவலாளியை நாலாண்டுக் காலம் நாள்தோறும் கடந்து போயிருக்கிறோம். அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்பதைத் தேநீர்க் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம்.

"பாட்டா, நீங்க சண்டைக்குப் போனதுண்டா?" என்றோம்.

"எந்தச் சண்டை வேணும் மக்கா?"

"கார்கில்..."

"அதுக்கு முன்னாலயே நான் ரிட்டையர் ஆயாச்சு. நான் போனது யாழ்ப்பாணத்துக்குல்லா. அதுக்கு மாலை கிடையாது."

நன்றி கூறச் சென்ற நம் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் உண்டு, தோழர்களே!

1987 சூலை 29இல் கொழும்பில் இராசீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தனர். அமைதி காக்கவென்று இந்தியப் படை ஈழ மண்ணில் இறங்கியது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அமைதிப்படை போர்ப்படையாயிற்று. அம்மாதம் 21, 22 நாட்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். இந்தியச் சிப்பாய்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1990 மார்ச் 24இல் கடைசி அணியும் திரும்பியது. தமிழரைக் கொன்ற படையை வரவேற்கச் செல்லேன் என்று, அன்று முதல்வராயிருந்த கலைஞர் சென்னைத் துறைமுகத்துக்குப் போக மறுத்தார்.

இதைப் பெருமையோடு சொல்லி வளர்த்த வீடு நம் வீடு. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் இதையே முழங்கிக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறோம். அந்தக் கப்பல்களில் ஒன்றிலிருந்து இறங்கியவர் இதோ நம் எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில்! நாம் பொழிந்த அடுக்குமொழிகளில் இவருக்கென ஒரு சொல்லேனும் இருந்ததா?

அவர் பனையேறியின் மகன். திருவிதாங்கூர் அரசர்கள் வைத்திருந்ததோ பெயரிலேயே சாதியைச் சுமந்த நாயர் பட்டாளம். அங்கே அவருடைய பாட்டனார் எட்டிப் பார்த்திருக்கவும் முடியாது. இவர் சேர்ந்தது 1976இல், பத்தொன்பது வயதில். நாட்டுப்பற்றா என்று கேட்டோம். "சோத்துக்கு மக்கா. தங்கச்சிமாரு மூணு பேருல்லா" என்றார்.

யாழ்ப்பாணத்தில் அவருக்குத் துப்பாக்கியைவிட நாக்குக்கே வேலை அதிகம். சீக்கியரும் கூர்க்காவினரும் வீடு வீடாகச் சோதனையிடுவர். அதிகாரி இந்தியில் அதட்டுவார்; அதை இவர் தமிழில் சொல்ல வேண்டும். இந்தியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு! அதுதான் இவர் கண்ட போர்முனை. ஒரு வீட்டில் மூதாட்டி ஒருத்தி இவர் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்களும் தமிழோ தம்பி?" என்று கேட்டாளாம். அதிகாரி என்ன கேட்கிறாள் என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள் எனப் பொய்யாக மொழிபெயர்த்தாராம். இதைக் கூறுகையில் அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. சாலையில் போன பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது இரயிலிலேயே சீருடையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டவர்களிடம் அசாம் என்றார். மகன் உயிரோடு வந்ததற்காக அவருடைய அன்னை மண்டைக்காட்டம்மனுக்கு வெடி வழிபாடு செய்தாள். வாழ்க அம்மன்! வெடி அவளுக்கு, வெடிகுண்டுகளுக்கு நடுவே நடந்தவனுக்கு ஊரில் ஒரு சொல்லும் இல்லை.

பள்ளியில் சொன்னோம். "இலங்கை விவகாரமா? எந்தக் கட்சிக்காரன் என்ன கேட்பானோ! வேறு ஆளைப் பாருங்கள்" என்று விடை வந்தது. வேறொருவர் வந்தார், பொன்னாடை பெற்றார். அவர்மீது நமக்கு மனக்குறை இல்லை.

துறைமுகத்துக்குப் போக மறுத்தது தவறு என்று இன்றும் நாம் கூற மாட்டோம். மருத்துவமனைப் பிணங்களை மறந்து மாலை ஏந்த யாரால் இயலும்? ஆனால் அந்த மறுப்பு தில்லியை நோக்கி வீசப்பட்டது. தில்லி அமைச்சர் எவர்மீதேனும் அது பட்டதா? பட்டது இந்தப் பனையேறி மகன்மீது! படையை அனுப்பியவர் கையெழுத்திட்டார், எதிர்த்தவர் அறிக்கையிட்டார், வேட்டி மாற்றிக்கொண்டவர் இவர் ஒருவரே. வியட்நாம் போரை வெறுத்த அமெரிக்க மக்களும் திரும்பி வந்த சிப்பாயிடம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அங்கு மாண்ட ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர் தாங்கும் கருங்கற்சுவர் 1982இல்தான் வாசிங்டனில் எழுந்தது. அமைதிப்படைக்கு நினைவுச்சின்னம் எங்கே தெரியுமா? கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜெயவர்த்தனபுரத்தில் இலங்கை அரசு எழுப்பியிருக்கிறது. தில்லிப் போர் நினைவகம் திறக்கப்பட்டதோ 2019இல்தான்!

விழா முடிந்த மாலை, பொன்னாடை ஏதுமின்றி வடசேரிக்குப் போனோம். பாட்டா இருந்தார். "நன்றி பாட்டா" என்றோம்.

"எதுக்கு மக்கா?"

நாட்டைக் காத்ததற்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் காத்தது எந்த நாட்டை? போரிட்டதற்கு என்றால் அந்த மூதாட்டி நம்மை மன்னிப்பாளா? "நம்மகிட்ட உண்மையைச் சொன்னீங்களே, அதுக்கு" என்றோம்.

அவர் சிரித்தார். "முழுசும் எங்க சொன்னேன்? இரியும், சாயா சொல்லுதேன்" என்று எதிர்க் கடையை நோக்கி இரண்டு விரலைக் காட்டினார். நம் ஊருக்குப் போகும் பேருந்து வந்தது. அதை விட்டுவிட்டு அமர்ந்தோம். அடுத்ததையும் விட்டோம்.