மூளையில் அழற்சி: வலி மாத்திரை போட்டால் மறதி நோய் வராதா?

ஓபியில் அறுபது தாண்டியவர்கள் கேட்கும் கேள்விகளில் இப்போ புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. "டாக்டர், அல்சைமர் மறதி நோய்க்கு மூளையில வர்ற அழற்சிதான் காரணமாமே? அப்போ மூட்டு வலிக்குப் போடுற மாத்திரையே அதுக்கும் கேட்கும்தானே?"

நியாயமான கேள்விதாங்க. பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே இதை வருஷக்கணக்கா கேட்டிருக்காங்க. அவங்களுக்குக் கிடைச்ச பதிலை இந்த இழையில சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல அழற்சின்னா என்ன? கையில முள் குத்தினா அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கும். நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வேலை செய்யுதுன்னு அர்த்தம். மூளைக்குள்ளேயும் இந்த வேலைக்கு ஆள் உண்டு. பெயர் மைக்ரோக்ளியா. 1919இல் ஸ்பெயின் விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்டேகா அடையாளம் காட்டிய செல்கள். குப்பையை அள்ளுறதும் கிருமி வந்தா சண்டை போடுறதும் இதோட டியூட்டி.

அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படியும். செல்லுக்கு உள்ளே டாவ் என்ற புரதம் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கும். மைக்ரோக்ளியா அந்தத் திட்டுகளைச் சூழ்ந்து சுத்தம் செய்யப் பார்க்கும். வருஷக்கணக்கில் முடியாமல் போகும்போது, அது கக்கும் ரசாயனங்கள் பக்கத்தில் இருக்கும் நல்ல நரம்பு இணைப்புகளையும் கெடுக்க ஆரம்பிக்கும். வலி இருக்காது, வெளியே எதுவும் தெரியாது. உமி நெருப்பு மாதிரி உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

கனடாவின் வான்கூவரில் பாட்ரிக் மெக்கீர், ஈடித் மெக்கீர் என்று ஒரு விஞ்ஞானி தம்பதி. அல்சைமரால் இறந்தவர்களின் மூளையில் இந்த செல்கள் தூண்டப்பட்ட நிலையில் இருப்பதை 1980களில் காட்டினார்கள். 1990இல் இன்னொன்றையும் சொன்னார்கள்: முடக்குவாதம் உள்ளவர்களிடம் அல்சைமர் எதிர்பார்த்ததைவிடக் குறைவா இருக்கு. அவங்கதானே வருஷக்கணக்கா அழற்சியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறவங்க!

2001இல் நெதர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ராட்டர்டாமில் 55 வயது தாண்டிய 6,989 பேரை சராசரியா ஏழு வருஷம் கவனிச்சாங்க. இரண்டு வருஷமோ அதற்கு மேலோ இந்த வகை வலி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு அல்சைமர் வாய்ப்பு 80 சதவீதம் குறைவு.

இதோட நிறுத்தினா வாட்ஸ்அப் ஃபார்வர்டு ரெடி. ஆனா கதை இன்னும் முடியல.

மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நோய் குறைவு என்பது ஒண்ணு. மாத்திரையாலதான் குறைஞ்சது என்பது வேற. மறக்க ஆரம்பிச்சவர் மாத்திரை போடவே மறந்திருக்கலாம், வலியைச் சொல்லத் தெரியாம போயிருக்கலாம். கணக்கு அங்கேயே மாறிடும். உண்மை தெரியணும்னா ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மருந்து, சிலருக்கு டம்மி மாத்திரை கொடுத்துப் பார்க்கணும்.

அமெரிக்காவில் அடாப்ட் என்ற ஆய்வில் அதைச் செஞ்சாங்க. குடும்பத்தில் மறதி நோய் உள்ள, 70 வயது தாண்டிய சுமார் 2,500 பேர். கொடுத்த மருந்துகள் நாப்ராக்ஸன், செலகாக்சிப். இதயத்துக்கு ஆபத்தோ என்ற கவலையில் 2004 டிசம்பரில் மாத்திரையை நிறுத்திட்டாங்க. அல்சைமரைத் தடுத்ததா நிரூபணமாகல. கனடாவில் 195 பேருக்கு நடந்த இரண்டு வருஷ ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. அதிலும் நாப்ராக்ஸனால் பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடுதல்.

ஏன் தோத்துச்சு? ஒரு துப்பு 2013இல் கிடைச்சது. மைக்ரோக்ளியா குப்பையை உணர்ந்து சூழ்ந்துகொள்ள டிரெம்2 என்ற மரபணு வேணும். அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கிறவங்களுக்கு அல்சைமர் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதாவது காவல்காரர் வரம்பு மீறினாலும் ஆபத்து, வேலையே செய்யலன்னாலும் ஆபத்து. மொத்தமா தூங்க வச்சா வீட்டை யார் பார்ப்பா?

சரி, தட்டி எழுப்பிப் பார்க்கலாம்னு ஏஎல்002 என்ற மருந்தைச் சோதிச்சாங்க. 2024 நவம்பரில் அதுவும் கைகொடுக்கலன்னு தெரிஞ்சது. இன்னொரு சிக்கல், மறதி வெளியே தெரியறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே மூளையில் மாற்றம் தொடங்கிடுது. எந்தக் கட்டத்தில், மைக்ரோக்ளியாவின் எந்த வேலையை மட்டும் மாத்தணும் என்பதுதான் இப்போ நடக்கிற தேடல்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல சீட்டு இல்லாமலே வலி மாத்திரை வாங்கிடலாம். சுகர், பிபி இருக்கிற 65 வயசுக்காரர் தினமும் டைக்ளோஃபெனாக் போட்டா கிட்னி பழுதாகலாம், வயித்துல புண்ணாகி ரத்தம் கசியலாம், மாரடைப்பு அபாயமும் கூடும். இல்லாத பலனுக்காக இருக்கிற கிட்னியைக் கொடுத்துடாதீங்க. அதே நேரம், முடக்குவாதத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

அப்போ என்னதான் செய்யலாம்? நம்மால் மாற்ற முடிந்த 14 காரணங்களைச் சரிசெய்தால், மறதி நோய்களில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கு என்று 2024இல் லான்செட் நிபுணர் குழு சொன்னது. பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, புகை, மது, உடலுழைப்பு இல்லாமை, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. காது மந்தமும் உண்டு. "வயசாச்சு, கேட்காதுதான்"னு அப்பாவை விட்டுடாம மெஷினுக்கு அழைச்சுட்டுப் போங்க. பிபி, சுகர் பரிசோதனையும் மாத்திரையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கடைசியா ஒண்ணு. அல்சைமர் மெதுவா வரும். நேத்து வரை தெளிவா இருந்த பெரியவர் இன்னைக்குத் திடீர்னு குழம்பிப் பேசினா, சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, பக்கவாதம்னு ஏதாவது இருக்கலாம். பலதும் சரிசெய்யக் கூடியவை. "வயசாச்சு, மறதி வந்துடுச்சு"ன்னு வீட்டிலேயே வச்சிருக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.